பூங்கோதைக்கு எடுத்துவைத்த நெல்லிக்காய்

“எந்தப் பண்டமும் கெடாம எடுத்து வைக்க எனக்குத் தெரியுதுங்க சாமி. இந்த மனசு மட்டும் தினம் தினம் புளிச்சுப் போகுது” என்றாள் நாச்சம்மாள்.

கொய்யாத் தோப்புச் சாமி சிரித்தார். அவருக்கு அவளைவிட ஏழெட்டு வயது குறைவு. ஊரே அவரிடம் உபதேசம் கேட்டு வரும். அவர் நாச்சம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“இந்த வருசம் என்னென்ன போட்டீங்க அக்கா?”

கேட்டதுதான் தாமதம், அவள் முகம் மலர்ந்துவிட்டது.

காற்றில் உதிர்ந்த கொய்யாவைப் பொறுக்கி வந்து சர்க்கரை சேர்த்துக் கிண்டியிருக்கிறாள். சாறு பிழிந்த நாரத்தங்காயின் தோலைக்கூட விடவில்லை, உப்பில் பிரட்டிக் காயவைத்தாயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் நெல்லிக்காயை வெல்லப்பாகில் ஊறப்போட்டுவிட்டாள். அந்த வீட்டில் குப்பைக்கூடைக்கு வேலையே கிடையாது.

“நெல்லிக்காய் யாருக்கு?”

“எம் பொண்ணு பூங்கோதைக்கு.” குரல் இறங்கிவிட்டது.

பூங்கோதை தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு பக்கத்து டவுனில் இருக்கிறாள். தலைதீபாவளிக்கு நாச்சம்மாள் போய் அழைக்கவில்லை. பெற்றவள் அழைக்காமல் எந்தப் பெண் புருஷனோடு தலைதீபாவளிக்கு வந்து நிற்பாள்? அவள் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தீபாவளிக்கும் வரவில்லை.

“வருசா வருசம் அவளுக்குன்னு போட்டு வைக்கிறேன். இந்தத் தடவையாச்சும் வருவான்னுதான்.”

“வரலைன்னா?”

“வீணாக்குவேனா? அரைச்சுத் தீபாவளி லேகியத்துல சேர்த்துருவேன். மறு வருசம் புதுசாப் போடுவேன்.”

“போய் ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன?”

“நான் என்ன கதவைச் சாத்தியா வெச்சிருக்கேன்? அவ பொறந்த வீடு. வர்றவ வரட்டும்!”



“நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். அந்த நெல்லிக்காயில எனக்கும் ஒண்ணு குடுங்க” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் நாச்சம்மாள் அதிரசத்துக்குப் பாகு வைத்திருந்தாள். பதம் வருகிற நேரம். கண்ணை எடுத்தால் போச்சு.

வாசலில் சாமியின் தலை தெரிந்தது. நம்ம சாமிதானே, வந்து உட்காருவார் என்று அவள் பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

“கதவு திறந்துதானே கெடக்குது சாமி!” என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

அவர் அசையவில்லை.

தூறல் மழையானது. அவருடைய வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமிக்கு இன்றைக்கு என்ன வீம்பு என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

பாகு கொதித்தது. சாமி நனைந்தார்.

வாழ்நாளில் ஒரு கரண்டிப் பாகைக் கெடுத்தறியாதவள், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வாங்க சாமி. வாங்க.”

அடுத்த நொடி சாமி வீட்டுக்குள் இருந்தார்.

“இந்த வார்த்தைக்குத்தான் அக்கா நின்னேன்” என்றார், தலையைத் துவட்டிக்கொண்டு.

நாச்சம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மழை அவள்மேல் பெய்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அடக்காமல் அழுதாள். இத்தனை வருஷம் ஒரு சின்னப் பெண்ணை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

உள்ளேயிருந்து கருகல் வாடை வந்தது.

“அக்கா, பாகு தீயுது.”

“தீயட்டும். அடுப்பை அணைச்சிருங்க.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆணியில் தொங்கிய குடையை எடுத்தாள்.

“எனக்கு ஒரு நெல்லிக்காய் கேட்டேனே அக்கா?”

“ஜாடி அலமாரியில இருக்குது, நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு டவுன் பஸ்ஸு போயிரும்.”

தெருவில் இறங்கியவள் பாதி வழியில் நின்று திரும்பினாள்.

“சாமி, ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கோணும். மாப்பிள்ளைக்கும் வேணும்.”