முன்னால் போன பிரேக்

பொள்ளாச்சியில், ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி பைக்குகளை மாற்றிக் கட்டித் தரும் பட்டறை ஒன்றை ரெஹானா நடத்திவந்தார். அவரிடம் தொழில் கற்க வந்தவர் திருமேனி. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பஞ்சாலை மூடியதும் வேறு வழி தெரியாமல் வந்து சேர்ந்தவர்.

ஜெசிந்தா என்ற நர்ஸ் தன் பைக்கைக் கொண்டுவந்து விட்டார். விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது முழங்கால் மடங்கவில்லை. கால்மிதி, பிரேக், கியர் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவைத்தால் காலை நீட்டியபடியே வால்பாறைக்கு வேலைக்குப் போய்வரலாம்.

ரெஹானா அந்த வேலையைத் திருமேனியிடம் ஒப்படைத்தார். அவரும் பார்த்துப் பார்த்துச் செய்தார். பிரேக் மிதியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கம்பியை நீளமாக்கி, நட்டை இறுக்கி முடித்தார். ரெஹானா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பிரேக் தொளதொளன்னு இருக்குதுங்ண்ணா. மறுபடி பாருங்க."

திருமேனி இறுக்கினார். மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாளும்.

திருமேனிக்குப் பொறி தட்டியது. பட்டறையில் கல்லு மாதிரி நிற்கிற பிரேக், ரெஹானா ஓட்டிப் போனால் மட்டும் எப்படித் தளர்கிறது? தான் தனிக்கடை போடப் போவதாக டீக்கடையில் வாய்விட்டது ஞாபகம் வந்தது. அது இவர் காதுக்கு எட்டியிருக்கும். 'நம்மைத் தேறவிடாமல் பண்ணுகிறார்.'

அதன்பிறகு ரெஹானா சிரித்தாலும் உறுத்தியது. டீ வாங்கித் தந்தாலும் உறுத்தியது. அவர் பையில் ஸ்பேனர் இருக்கிறதா என்றுகூடத் திருமேனி எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு நானும் பின்னால உக்காந்து வர்றேன் அம்மிணி."

"வாங்கண்ணா."

ஆழியாறு வரை போனார்கள். திருமேனி தென்னந்தோப்பைப் பார்க்கவில்லை, அணையைப் பார்க்கவில்லை. ரெஹானாவின் இரண்டு கைகளையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவை ஹேண்டில்பாரை விட்டு நகரவே இல்லை.

பட்டறை வாசலில் ரெஹானா பிரேக்கை மிதித்துக் காட்டினார். மிதி பிடிமானமே இல்லாமல் கீழே உட்கார்ந்தது.

திருமேனி மறுபடி அவர் கைகளைப் பார்த்தார்.

"வழியெல்லாம் எதைப் பாத்துட்டு வந்தீங்க?"

"உங்க கையை" என்றார். மறைக்கத் தோன்றவில்லை.

ரெஹானா இஞ்சினை அணைக்கவில்லை. "இப்பக் குனிஞ்சு நட்டைப் பாருங்க" என்று சொல்லி ஆக்சிலரேட்டரைத் திருகினார்.

திருமேனி குந்தி உட்கார்ந்தார். அவர் நீட்டிய கம்பி, தட்டிவிட்ட வீணைத் தந்தி போல் அதிர்ந்தது. அந்த அதிர்வில் அவர் இறுக்கிய நட்டு தானாகவே மெல்ல மெல்லச் சுழன்று பின்வாங்கியது. கம்பி குட்டையாக இருந்தவரை ஒரு நட்டு போதும். இப்போது அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு நட்டு வேண்டும். அவர் அதைப் போடவில்லை.

எழுந்திருக்க நேரமாயிற்று.

"மொத நாளே தெரியுமா அம்மிணி?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ரெஹானா இஞ்சினை அணைத்தார்.

"நீங்க இறுக்குன நட்டு தானாக் கழலுதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாண்ணா?"