கொம்பனின் தொண்டையில் இருந்த அத்திப்பழம்

மலைக்காட்டில் கொம்பன் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் பெண்டாட்டி செம்பி குஞ்சோடு மரப்பொந்துக்குள் இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய், வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். சிறகும் உதிர்ந்துவிடும். ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு.

ஒரு காலையில் அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு கிளம்பிய கொம்பன் அலுத்துக்கொண்டான்.

"பழம் பறி, பொந்துக்குப் போ! மறுபடி பழம் பறி, பொந்துக்குப் போ! சே, இதுக்குத்தானா பிறந்தேன்?"

பக்கத்துக் கிளை மைனாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "மலைக்கு அந்தப் பக்கம் காட்டெருமைச் சாமியார் இருக்கார்! யார் எதுக்குப் பிறந்தோம்னு புட்டுப் புட்டு வைப்பாராம்!" என்றது.

கேளுங்கள் கூத்தை! பொந்துக்குப் போக வேண்டியவன் அப்படியே மலையைத் தாண்டிப் பறந்துவிட்டான்.

சாமியார் சுனையோரம் கண்மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"சாமி, நான் எதுக்குப் பிறந்தேன்?"

"குரல் ஏன் கம்முது? தொண்டையில என்ன?"

"அத்திப்பழம், சாமி."

"பசிக்கலையா?"

"காலையிலேர்ந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கல. உயிர் போகுது!"

"அப்போ விழுங்கித் தொலைக்கிறதுதானே?"

"ஐயையோ, அது செம்பிக்கு! குஞ்சுக்கு! அவ பொந்துக்குள்ள..."

கொம்பன் சிறகால் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!"

"பதில்தான் கிடைச்சாச்சே! இன்னும் ஏன் இங்க நிக்கிற? பறடா!"

கொம்பன் விழுந்தடித்துப் பறந்தான். பொந்தின் கீறலில் அலகு தெரியவில்லை. "செம்பி! செம்பி!" சத்தமே இல்லை. அவன் அலகால் பொந்தைத் தட்டினான்.

பிறகு மெல்ல ஓர் அலகு எட்டிப் பார்த்தது. "எங்கேய்யா போய்த் தொலைஞ்சே? பிள்ளை கத்திக் கத்தி இப்பத்தான் கண்ணசந்தான்!"

அப்பாடா! கொம்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டினான்.

"சாமியாரைப் பார்க்கப் போனேன் செம்பி. தப்புதான்."

"என்ன உபதேசம் பண்ணினார்?"

"தொண்டையில என்னன்னு கேட்டார்!"

"இதைக் கேட்க மலை தாண்டணுமா? நல்ல ஆளுய்யா நீ!" என்று செம்பி சிரித்தாள். "பிள்ளை முழிச்சுக்கிட்டான், இன்னொரு பழம் கொடு!"

வாழ்க்கையின் நோக்கத்தை நாம்தான் சுமந்து திரிகிறோம். அதை மறந்து நிற்கும்போது சுட்டிக்காட்டி, வந்த வழியே திருப்பி அனுப்புபவரே நல்ல குரு.