நான்காம் முறை

"மிஸ், நான் திரும்பவும் எழுதணுமா?" என்று ஜெரின் கேட்டான்.

மருத்துவ நுழைவுத் தேர்வை அவன் மூன்று முறை எழுதியிருந்தான். மூன்றாவது முடிவு அன்று காலையில்தான் வந்தது. போன தடவையைவிடப் பதினோரு மார்க் கூட. சீட் கிடைக்க அதுவும் போதாது.

ஷகிலா மிஸ் பயிற்சி மையத்தில் வேதியியல் எடுப்பவர். அவனைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். காலையிலிருந்து மைக்கில் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார். எதிர் நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"சாயங்காலம் அப்பா வர்றார். எழுதுறேன்னா ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போயிருவார். இல்லேன்னா பெட்டியோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவார். நீயே முடிவு பண்ணிக்கோன்னுட்டார்."

"நல்ல அப்பாதானே."

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், மிஸ்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று அவன் நினைத்தான்.

"எதுக்குத் திரும்ப எழுதணும்?"

ஜெரின் காத்திருந்தான். அவரும் காத்திருந்தார்.

"சொல்லுடா."

"நாலு ஆப்ஷன் குடுங்க, மிஸ்."

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலானது.

"அடப்பாவி. ஓட்டல்லயும் இப்படித்தான் கேட்பியா?"

"அங்க சர்வரே சொல்லிருவார், மிஸ்."

"சரி. முதல் ஆப்ஷன். டாக்டராகணும்னு ஆசை."

தப்பான விடையை முதலில் அடி. அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை அது. ஜெரின் யோசித்தான்.

"பிளஸ் டூ படிக்கும்போது இருந்தது. இப்ப அந்தப் பேரைக் கேட்டாலே தூக்கம் வருது."

விரலால் மேஜைமேல் ஒரு கோடு கிழித்தான்.

"அப்பாவுக்காக."

"அவருக்கே அலுத்துப் போச்சு."

இன்னொரு கோடு.

"கூடப் படிச்சவங்க எல்லாம் மெடிக்கல் காலேஜ் போயிட்டாங்க."

"போன வருஷம்னா ஆமான்னிருப்பேன். அழுதேன்கூட. இப்ப யாரு எங்க இருக்காங்கன்னே தெரியாது."

நாலாவதற்கு மிஸ் நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே, முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பேனரைக் கட்டுகிறவர்கள் ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"மூணு வருஷம் போயிருச்சே. அதை எப்படி விட்டுட்டுப் போறது?"

ஜெரினின் விரல் உயர்ந்து அப்படியே நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். வெளியே யாரோ கயிற்றை இன்னும் இழுக்கச் சொன்னார்கள்.

பிறகு கிழித்தான். மேஜையின் விளிம்புவரை போனது அந்தக் கோடு.

"நாலும் தப்பு, மிஸ்."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்."

"பரீட்சையில நாலு விடையும் தப்பா இருந்தா என்ன பண்ணுவாங்க?"

மூன்று முறை எழுதியவனுக்கு அதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கேள்வியே தப்புன்னு ரத்து பண்ணிருவாங்க. எழுதுன எல்லாருக்கும் முழு மார்க்."

மிஸ் ஃபிளாஸ்கைத் திருகி மூடினார்.

"அதை வாங்கிட்டு ஊருக்குக் கிளம்பு."