ஊர் கேட்காமல் விட்ட பூதம்

வந்தவனை ஊர் கேட்காமல் உள்ளே விட்டார்கள். தப்பு அங்கேதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

முன்னொரு காலத்தில், கடல் இப்போதைவிடக் கிட்டத்தில் இருந்த காலத்தில், தாழையூர் என்று ஒரு ராஜ்யம். அங்கே ஒரு வழக்கம். யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, "எந்த ஊர்? யார் பிள்ளை?" என்று கேட்பார்கள். பதில் வந்த பிறகுதான் தண்ணீர். பரதேசிக்கும் அதுதான், பக்கத்து நாட்டு ராஜாவுக்கும் அதுதான்.

ஒரு நாள் கப்பலில் ஒரு மந்திரவாதி வந்தான். கையில் பித்தளைச் செம்பு, செம்புக்குள் ஒரு பூதம். பூதத்தின் பேர் செட். இங்கிலீஷ் தேசத்துச் சரக்கு என்றான். அங்கே தயிர் உறைந்தாலும் செட், முறிந்த எலும்பைக் கூட்டினாலும் செட், சூரியன் சாய்ந்தாலும் செட், நாலு பாத்திரம் ஒன்றாகச் சேர்ந்தாலும் செட். ஒரு பேரைச் சொன்னால் போதும், எல்லா வேலையும் நடக்கும் என்றான்.

இங்கிலீஷ் என்றதும் ராஜா வில்லவராயன் எழுந்து நின்றார். ஊர் கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைப்பானே என்று மந்திரிகளுக்கு வெட்கம். கேட்கவில்லை. தண்ணீருக்குப் பதில் இளநீரே கொடுத்தார்கள். மந்திரவாதி ராஜாவின் முத்துமாலையோடு கப்பலேறிப் போய்விட்டான்.

பூதம் வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தது. ஆனால் எந்த வேலையைச் செய்ததோ அந்த வேலைக்கான சொல்லைத் தின்றுவிடும். சொல் போனால் கையும் மறந்துபோகும். 'உறை' என்பதைத் தின்றது. பால் பாலாகவே கிடந்து கெட்டது. 'கூட்டு' என்பதைத் தின்றது. எலும்பு வைத்தியன் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். 'சாய்' என்பதைத் தின்றது. சூரியன் சாய மறந்து உச்சியில் நின்றது. கிணறு வற்றியது, பயிர் கருகியது. அரண்மனையில் எதைக் கேட்டாலும் செட், செட் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க் கோடியில் ஒரு பனையேறி. மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. அவன் பெண்சாதி வைத்தியனிடம் ஓடினாள், கை விரித்தான். அரண்மனைக்கு ஓடினாள், பூதத்தைக் கேள் என்றார்கள். பூதத்திடம் ஓடினாள்.

அந்த வேலைக்கான சொல் எப்போதோ தீர்ந்துபோச்சு, வேறு ஒன்று கொடு என்றது பூதம். 'புருஷன்' என்ற சொல்தான் வேண்டுமாம்.

"கொடுத்தா?"

"கால் நேராகும். அவன் யாரென்று உனக்குத் தெரியாது."

கொடுக்காவிட்டால் அவன் நொண்டி. பனையேறி நொண்டியானால் வீட்டில் கஞ்சி இல்லை. கொடுத்தால் அவனே இல்லை. மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

நின்றுபோன உச்சி வெயில் பூதத்தையும் விடவில்லை. அதற்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டது. அவள் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரோடு இருந்த கலயத்தை எடுத்தாள். ஊர்ப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது.

"எந்த ஊரு? யார் பிள்ளை?"

பூதம் விழித்தது. அதனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. தண்ணீர் கொடு என்றது. மறுபடி கேட்டாள். கொடடி என்றது. மூன்றாம் தரமும் கேட்டாள்.

பூதத்தின் இடப்பக்கம் பேசியது. "நான் குளிர் நாட்டில் பிறந்தேன். உட்கார வைப்பது என்ற சொல்லின் பிள்ளை."

வலப்பக்கம் பேசியது. "நான் ரோமாபுரி. ஒருவன் பின்னால் நடந்த கூட்டம் என்ற சொல்லின் பிள்ளை. பாத்திரம் சேர்ப்பது மட்டும்தான் என் வேலை."

"அப்ப ரெண்டு பேரா? ஒரே தோலுக்குள்ள என்னத்துக்குக் கிடக்கீங்க?"

அவ்வளவுதான். இடப்பக்கம் உட்கார்ந்தது. வலப்பக்கம் நடந்தது. நடுவில் கிழிந்தது பூதம். வயிற்றிலிருந்து சொல்லெல்லாம் கொட்டின. சூரியன் சாய்ந்தது. வைத்தியன் மூங்கில் பத்தையோடு ஓடி வந்தான். எலும்பு கூடியது. பனையேறி மறுபடி மரமேறினான்.

ராஜா என்ன செய்தார்? மந்திரிகளின் மதிநுட்பத்தால் பூதம் அழிந்தது என்று கல்லில் வெட்டி, அவர்களுக்குப் பட்டுப் போர்த்தினார். காலிச் செம்பைக் கொலுமண்டபத்தில் வைத்தார்கள். அதைப் பார்க்க வருகிறவர்களிடம் இன்றைக்கும் ஊர் கேட்பதில்லை, வெட்கமாம்.

அவளுக்குப் புருஷன் இருந்தான். சாயங்காலம் இருந்தது. அடுப்படியில் உறைந்த தயிர் இருந்தது. போதும் என்று வீட்டுக்குப் போனாள்.

கல்லில் அவள் பேர் இல்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். பேச்சி.