பெரிய நோன்புக்கு முன் ஒரு மன்னிப்பு

கொச்சியில் மிளகு வியாபாரம் செய்த எலியாகு முதலாளி ஒரு யூதர். குழம்பில் உப்புக் கூடியதற்காக, நோன்பு முடிந்ததும் பிள்ளைகளோடு வெளியேறிவிட வேண்டும் என்று சமையல்காரி செல்லக்கிளியிடம் சொல்லிவிட்டார். அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

சூரியன் மறைந்ததும் பெரிய நோன்பு தொடங்கிவிடும்; அதற்குள் தாங்கள் நோகடித்தவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்காவிட்டால் ஆண்டவனும் மன்னிக்கமாட்டான் என்பது யூதர்களின் விதி. பொழுது சாயும் நேரத்தில் முதலாளி அடுப்படிக்கு அவசரமாக வந்தார்.

“செல்லக்கிளி, நான் செஞ்சதையெல்லாம் மன்னிச்சிடு.”

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். “செஞ்சதை மன்னிச்சாச்சு முதலாளி. நாளைக்கு எங்களைத் துரத்தப்போறீங்களே, அதுக்கு மன்னிப்புக் கேட்க எந்த ஊர்ல வந்து என்னைத் தேடுவீங்க?”

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு நோன்பு முடிக்க நீயே கஞ்சி வை, அதுக்கப்புறமும் நீயே சமை,” என்றார். “உப்பை மட்டும் பார்த்துப் போடு.”