காற்றில் நின்ற தபால்காரி

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்துமூன்று.

குரு ரெஹானா. பீளமேட்டில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்து வீடியோ கேம் செய்பவர். சீடர் சென்னியப்பன். மோட்டார் பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய மனிதர். கம்பெனியை மூடியதும் சம்பளம் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை.

கேமை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவருக்கு ரெஹானா கொடுத்த வேலை, பாடமும் அதுவே.

முதல் நாளே ஒன்று அவருக்கு உறுத்தியது. அவர் ஆடும்போது ரெஹானா திரையைப் பார்ப்பதில்லை. அவருடைய கட்டைவிரலைப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ கணக்குப் பார்த்து ஒரு நீல நோட்டில் குறிப்பார். இவர் எட்டிப் பார்த்தால் நோட்டு மூடிக்கொள்ளும்.

'கிழவன் தேறமாட்டான்னு எழுதறாங்க போல' என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

கேமில் ஒரு தபால்காரி. கூரைக்குக் கூரை தாவிக் கடிதம் கொடுப்பாள். அவள் உயரம் பதினாறு புள்ளி. தோளில் தொங்கும் சிவப்புப் பை ஒன்பது புள்ளி. கண் ஒரே புள்ளி, வாய் கிடையாது. ஆனாலும் விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது அவள் பயப்படுவது தெரியும். சென்னியப்பனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் விழுந்தால் "அச்சச்சோ" என்று வாய்விட்டே சொல்வார்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது.

தான் ஆடியதைப் பதிவு செய்து, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் ஓட்டுக்கூரை முடியும் இடம். சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தார். இன்னொரு தடவையும் வைத்தார்.

"டீச்சர், இங்க வாங்க. பட்டனை அமுக்கும்போது இவ கால் எங்க இருக்கு?"

"கூரையைத் தாண்டி நாலு புள்ளி."

"கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்ணா."

"அப்ப எப்படிக் குதிச்சா?"

"நான்தான் விட்டேன். நொடிக்கு அறுபது படம் ஓடுது. விளிம்பைத் தாண்டி ஆறு படம் வரைக்கும் குதிக்கலாம்."

"தெரிஞ்சே வச்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

சென்னியப்பன் ஸ்கேலைப் பைக்குள் போட்டார்.

"இது ஏமாத்து வேலைங்க. ஆடறவன் தப்பா அமுக்கறான். சரியா அமுக்குன மாதிரி நீங்க காட்டறீங்க. இவளை எவ்வளவு நம்புனேன் தெரியுங்களா? ஒவ்வொரு தாவலும் நான் தாவுனதுன்னு நெனச்சனே!"

ரெஹானா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை கேம் வெளிய வருது. கடைசித் திரையில 'சோதித்தவர்: சென்னியப்பன்'னு போட்டிருக்கீங்க. எம்பேரை எடுத்துருங்க. இருபத்தாறு வருஷத்துல சந்தேகம் இருக்கற ஒரு பம்புல கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. நாளையிலிருந்து நானும் வரலை."

ரெஹானா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்த ஆறை சைபர் ஆக்குங்க. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க."

இதில் என்ன சூது இருக்கிறதோ என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு தானே மாற்றினார். மாறியிருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தார். ஆடினார்.

மூன்றாவது கட்டம். அதே கூரை. விழுந்தாள்.

"அச்சச்சோ."

மறுபடியும் விழுந்தாள். ஐந்தாவது தடவை அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஏழாவது தடவை கன்ட்ரோலரை மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"இதுல என்னமோ கோளாறு இருக்குங்க! கூரை மேல இருக்கும்போதே அமுக்கிட்டேன். இது ஒத்துக்க மாட்டேங்குது. ஏமாத்துது!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

ரெஹானா அந்த ஏழு தாவலையும் ஒவ்வொரு படமாக ஓட்டினார். சென்னியப்பன் ஸ்கேலை எடுத்தார். நாலு புள்ளி வெளியே. அடுத்ததில் ஐந்து. அதற்கடுத்ததில் மூன்று. ஏழையும் அளந்துவிட்டு ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"சத்தியமா நான் கூரை மேலதானுங்க இருந்தேன்."

"இருந்தீங்க," என்றார் ரெஹானா. "மனசு அமுக்கி, விரல் அமுக்கறதுக்குள்ள அவ தாண்டிடறா."

ஆனால் சென்னியப்பனுக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

"சரி, ஆறுன்னு யாரு சொன்னா? எட்டு வைக்கலாம், பத்து வைக்கலாம். குத்துமதிப்பா வச்சீங்களா?"

ரெஹானா நீல நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

முதல் பக்கத்தில் சென்னியப்பன் வேலைக்குச் சேர்ந்த தேதி. பக்கத்தில் அவர் பெயர். கீழே, விளிம்பைத் தாண்டி எத்தனையாவது படத்தில் அமுக்கினார் என்று வரிசையாக எண்கள்: நாலு, ஆறு, ஐந்து, மூன்று, ஆறு. அடுத்த பக்கமும் அப்படியே. அவர் கடைசிவரை புரட்டினார். எங்கேயும் ஆறைத் தாண்டவில்லை.

"அப்ப இத்தனை நாளா என்னையத்தான் அளந்துட்டு இருந்தீங்களா?" நோட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"உங்களை இல்லீங்ணா. பள்ளம் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு அளந்தேன்."