பிரிக்காத கவர்

போட்டோ ஸ்டூடியோ முதலாளி அருணகிரி, கம்ப்யூட்டரில் புதுப் பிராசஸரையும் அதைக் குளிர்விக்கும் ஃபேனையும் தானே மாட்டினார். பத்தே நிமிஷத்தில் அது கொதித்து அணைந்தது. பழி, கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மாள் மேல் விழுந்தது.

“நீ தூசி தட்டுன லட்சணம்! சாயங்காலத்துக்குள்ள இது குளிரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

பேச்சியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ரிமோட், ஸ்பீக்கர், இதுவரை யாரையும் உட்காரவிடாத புது நாற்காலி எல்லாமே பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தன.

“மொதலாளி, காலையில உங்க குப்பையை நாந்தான் அள்ளினேன். ஃபேன் வந்த அட்டைப்பெட்டி கெடந்துச்சு. கவர் ஒண்ணுகூட இல்லையே?”

அருணகிரி ஃபேனைக் கழற்றினார். அதன் அடித்தகட்டில் ஒட்டியிருந்த மெல்லிய கவர் பிரிக்கப்படாமல் வெந்து கிடந்தது. உரித்துவிட்டு மாட்டியதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது.

அவர் நேராகப் போய், நாற்காலியின் கவரைச் சரசரவென்று கிழித்தார்.

“மொத ஆளா நீங்க உட்காருங்கம்மா.”